தலைவர் இறக்கிய முடி

பிரம்மத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கண்டுகொண்ட பிறகும், சட்னியில் உப்பு குறைந்தால் சுயம்புலிங்கம் வீட்டில் தட்டு பறக்கும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி போட்டுச் சம்பாதித்தது போதுமென்று உபநிஷத சபையில் சேர்ந்த மனுஷன். வாயில் வேதாந்தம், கண் முழுக்கத் தலைவர் நாற்காலியில். அவர் பெண்டாட்டி சண்முகத்தாய்க்கு இந்தக் கூத்து பார்த்துப் பார்த்துப் புளித்துப்போயிருந்தது.

மகன் விஷயத்தில் அவர் கை வைக்காதிருந்தால் அவளும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். பட்டாளத்துப் பிள்ளை பொன்னுராஜ் இலங்கைக்குப் போனபோது, அவன் உயிரோடு திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை மலைமேல் இருக்கும் பெருமாளுக்கு அவன் முடியைத் தருவதாக நேர்ந்திருந்தாள். முழுசாக வந்து நின்றான். மலைக்குக் கிளம்பிய அன்று சுயம்புலிங்கம் வாசலை மறித்தார்.

"ஏலே, குணமே இல்லாத பரம்பொருளுக்கு மயிரு எதுக்குலே? சபையில எம் மூஞ்சில காறித் துப்புவாக. மலையும் மாயை, மொட்டையும் மாயை. உள்ள போ."

அப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை கிராப்புத் தலையோடு ரயிலேறினான். இப்போது காஷ்மீரில் இருக்கிறான். கடிதம் தாமதமானால் சண்முகத்தாய்க்குச் சோறு இறங்காது. சாமி கடனை வைத்துக்கொண்டு பிள்ளையைத் துப்பாக்கி முன்னால் நிறுத்திவிட்டோமே என்று பயந்து செத்தாள்.

புரட்டாசி பிறந்ததும், பிள்ளைக்குப் பதில் தன் முடியையே கொடுத்துவிடத் துணிந்தாள். முதல் சனிக்கிழமையே வசதியாக அமைந்தது. சுயம்புலிங்கம் ஒருவழியாகச் சபைத் தலைவராகிவிட்டார். சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல் பேச்சு. ஏற்பாடு பார்க்கவேண்டுமென்று விடியும்போதே போய்விட்டார். அவர் போனதும் இவள் பஸ் ஏறினாள்.

மலையடிவாரத்தில் முடியிறக்கும் கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. ஒரு பலகையில் பாதி வழித்த தலை ஒன்று குனிந்திருந்தது. பிடரியிலிருந்த மச்சத்தை அவளுக்குத் தெரியும்.

"நீங்களா?"

சுயம்புலிங்கத்துக்கு முகம் செத்துவிட்டது. "மெதுவாப் பேசுட்டீ. தலைவர் பதவி கெடைச்சா முடி தாரேன்னு நேந்திருந்தேன்."

பெருமாளே மாயை என்கிற சபைக்குத் தலைவராக, அந்தப் பெருமாளிடமே சிபாரிசு!

"இது சும்மா உலக வழக்குக்குட்டீ. உண்மையில முடியும் இல்ல, மொட்டையும் இல்ல."

"ஒங்க நாற்காலின்னா உலக வழக்கு. எம்புள்ள உசுருன்னா மாயையாக்கும்?"

அவள் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. சுயம்புலிங்கம் மேடையில் மழித்த தலையைத் தடவிக்கொண்டார். "ஆசையைத் துறந்ததற்கு அடையாளமாக இன்று முடியையும் துறந்தேன்" என்றார். கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டல் ஓயட்டுமென்று பெண்கள் பக்கம் காத்திருந்த சண்முகத்தாய், எழுந்து நின்று முக்காட்டை இறக்கினாள். சந்தனம் பூசிய மொட்டை. புரட்டாசிச் சனிக்கிழமை அது எங்கே கிடைக்கும் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்தில் இருந்த சபைக்காரர் பெண்டாட்டி சுந்தரம்மாள் வாயைப் பிளந்தாள். "ஏத்தா, ரெண்டு பேருமா மலைக்குப் போய்ட்டு வாரீய?"

"ஆமா" என்றாள் சண்முகத்தாய், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "நான் எம்புள்ள நல்லாருக்கணும்னு குடுத்தேன். அவிய இந்த நாற்காலி கெடைச்சதுக்குக் குடுத்தாக."