மூன்று பேருக்குத் தெரிந்தது

செந்தில்வேல் மாலையை ஆவுடையம்மாளின் மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அவள் கணவர் தங்கசாமியின் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். செந்தில்வேல் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். ஓட்டுப்பதிவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

பந்தல் நிறையப் பீடி சுற்றும் பெண்கள். தென்காசியைச் சுற்றி ஆவுடையம்மாள் தலைவியாக இருந்த சங்கத்தில் நாலாயிரம் பேர். வந்திருந்தவர்களில் பாதிப் பேரைத் தங்கசாமிக்குத் தெரியாது. அவர்கள் அவரைத் தாண்டிப் போய் ஜெபமலரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஜெபமலர் சங்கத்தின் செயலாளர். நேற்று சங்க ஆபீஸில் ஆவுடையம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது தாங்கியவள் அவள்தான். குற்றாலத்திலிருந்து தங்கசாமி பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இப்போதும் தலைமாட்டில் ஜெபமலர்தான் இருந்தாள். கலைந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கசாமி அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர். முப்பது வருஷமாக ஊர் பேர் தெரியாதவர்களின் தலையெல்லாம் அவர் கையில் இருந்திருக்கிறது. சீசன் இல்லாத மாதங்களில் மனைவியைக் கூப்பிடுவார், உட்காரு, தேய்த்துவிடுகிறேன் என்று. கூட்டம் இருக்கிறது என்பாள்.

இந்தத் தேர்தலில் சங்கம் யார் பக்கம் என்பது முடிவாகியிருந்தது. அது கமிட்டியில் ஆவுடையம்மாள், ஜெபமலர் உட்பட மூன்று பேருக்கு மட்டும் தெரியும். பிரச்சாரம் முடிகிற அன்று சாயங்காலம்தான் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். அதற்குள் கூலி, பி.எஃப்., பென்ஷன் என்று எழுதிய கோரிக்கைத் தாளில் இரண்டு வேட்பாளர்களிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஒருவர் போட்டுவிட்டார். செந்தில்வேலின் ஆள் இன்னும் போடவில்லை. முடிவு வெளியே தெரிந்தால் இவன் போடமாட்டான், அவன் போட்டதை மறந்துவிடுவான் என்று ஆவுடையம்மாள் சொன்னதைத் தங்கசாமி கேட்டிருக்கிறார். அதுவும் அவள் போனில் ஜெபமலரிடம் சொன்னது.

போன வாரம் அவள் சோறு போடும்போது அவரே கேட்டார்.

"எங்கிட்டயும் சொல்லக் கூடாதாக்கும்?"

"ஒங்ககிட்ட சொன்னா அருவிக்கரைக்கே சொன்ன மாதிரில்லா."

சிரித்தாள். அவர் பாதியில் கை கழுவினார். கோபம் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டார் என்றுதான் தட்டை எடுத்துப்போனாள்.

செந்தில்வேல் நாற்காலியை நெருக்கிப் போட்டார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. மதினி ஒங்கள்ட்ட சொல்லாமலா இருப்பாவ?"

தங்கசாமி தலைமாட்டைப் பார்த்தார். ஜெபமலரும் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் தெரியும் என்று காட்ட ஏதாவது ஒரு பெயர் போதும். எந்தப் பெயரானாலும்.

"எல்லாம் எங்கிட்ட சொல்லுவா" என்றார்.

முடியை ஒதுக்கிய கை நின்றது.

"அப்போ யாருக்காம்?"

"மொதல்ல ஒம்ம ஆளக் கையெழுத்துப் போடச் சொல்லும்."

செந்தில்வேல் போனை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனார்.

ஜெபமலர் எழுந்து வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நெசமாவே அக்கா ஒங்கள்ட்ட சொன்னாவளா?"

அவளுடைய முகத்தை அவர் நிதானமாகப் பார்த்தார். தெரிந்த முகமாக இருந்தது; போன வாரம் கை கழுவும்போது அவர் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"ஆமா."

"எப்ப?"

"சோறு போடும்போது."

அவள் திரும்பித் தலைமாட்டுக்குப் போனாள்.

வெயில் ஏறுவதற்குள் குளிப்பாட்ட வேண்டும் என்றார்கள். ஆவுடையம்மாளை முற்றத்துப் பெஞ்சுக்குத் தூக்கி வந்தார்கள். எண்ணெய் வைக்க ஆட்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் தங்கசாமியைக் கூப்பிட்டார்கள். அவர் கிண்ணத்து எண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றி, இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கினார். உச்சியில் வகிடு பிரித்துப் பத்து விரலையும் உள்ளே விட்டார்.

"பொறங்கையால தொட்டு வச்சாப் போதும் தங்கசாமி" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர்.

காதுக்குப் பின்னால், பிடரியில், மறுபடி உச்சியில்.

அடுத்த ஆளாக ஜெபமலர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நின்றாள். அவர் கையை எடுக்கவில்லை.