பேல் ஏலின் கசப்பு போய்ச் சேர்ந்த வாய்

நாக்குக்காரர் பீர் குடித்தால் அதன் கசப்பு அவருடைய மனைவியின் வாயில்தான் வந்து சேரும். கல்யாணமான சில நாட்களிலேயே இது தெரிந்துவிட்டது. அவர் பீர் ஆலையில் ஒரு பீப்பாயைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ரயில் நிலைய அறிவிப்பு அறையில் வெறும் தண்ணீர்ப் புட்டியோடு உட்கார்ந்திருந்த மனைவி, வண்டி தாமதமாக வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். அன்று மாலை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்து நின்று ஒரு மிடறு விழுங்குவார். மனைவி "ம்" என்பார். விழுங்குவதுபோல் ஏமாற்றினால் "சும்மா நடிக்காதீங்க" என்பார். ஒருமுறைகூடத் தப்பவில்லை. மாத்திரையின் கசப்பு, கருகிய ரொட்டியின் கசப்பு எல்லாம் அவரவர் வாயிலேயே இருந்தன. பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு மட்டும் வீடு மாறியது. மருத்துவர் இருவரையும் நாக்கை நீட்டச் சொல்லி விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டும் நாக்குதான் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

வேறு வேலையில் இருப்பவருக்கு இது ஒரு குறையே இல்லை. ஆனால் அவர் பீர் சுவைப்போர் சங்கத்தின் நடுவர். ஊரே அவரை நாக்குக்காரர் என்றுதான் கூப்பிட்டது. மால்ட் என்ற முளைகட்டிய பார்லியின் இனிப்பில் ரொட்டி மணக்கிறதா பிஸ்கட் மணக்கிறதா என்று அவர் சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. கறுப்பு பீர்களில் அவர் அரசர். கசப்பு வரும் இடத்தில் மட்டும் அவருக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளைச் சுவரைப் பார்ப்பதுபோல் இருக்கும். இருந்தும் பல வருடங்கள் ஒரு தவறும் இல்லாமல் மதிப்பெண் போட்டார். காரணம் எளிது. சங்கத்தின் கூடம் ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே இருந்தது, மனைவியின் குரல் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒரு மிடறு விழுங்கிவிட்டு, யோசிப்பவர்போல் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருப்பார். குரல் வழக்கம்போல் ஓடினால் இலேசான கசப்பு. நடைமேடை எண் வரும் இடத்தில் குரல் கொஞ்சம் ஒடுங்கினால் நடுத்தரம். "பயணிகளின் கவனத்திற்கு" என்று சொல்லிவிட்டு ஒரு இருமல் வந்தால் கடுங்கசப்பு. பக்கத்து நடுவர்கள் அவர் கண்மூடி நிற்கும் அந்த நேரத்தை மரியாதையோடு பார்த்தார்கள்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "சங்கத்துல சொல்லிடுங்க. கசக்குறது என் வாயில, மார்க் போடுறது நீங்க. இதுக்கு என்னங்க பேரு?"

"குடும்பம்" என்றார் அவர்.

"பேரு நல்லாதான் இருக்கு. கசக்குறதுதான் எனக்கு."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சில வீடுகளில் ஒரு கேள்வி அப்படியே பல வருடங்கள் மேசைமேல் கிடக்கும். அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிடப் பழகிவிடுவார்கள். மனைவி அதுவரை பீரை வாயில் வைத்ததே இல்லை. ஓசியில் இவ்வளவு கசப்பு வரும்போது யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்பது அவருடைய கட்சி.

போன வருடம்தான் தவறு நடந்தது. போட்டி நாளன்று மனைவி தங்கையின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தார். அவருக்குப் பதிலாக அறிவிப்பு அறையில் உட்கார்ந்தது தேன்குழைத்த குரல்காரி ஒருத்தி. சரக்கு வண்டி வருவதைக்கூடக் கொஞ்சிக்கொண்டு சொல்வாள். அது வேறு ஆளின் குரல் என்று நாக்குக்காரருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் காது தானாகவே வேலை செய்தது. இடையில் ஒரு இருமலும் இல்லை, ஒடுக்கமும் இல்லை. பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் ஒன்றுக்கு, பூவின் மணமும் பிசிறில்லாத மென்மையும் கொண்டது என்று எழுதித் தங்கப் பதக்கம் கொடுத்தார். பதக்கத்தை நம்பி அதை வாங்கியவர்களுக்கு முகம் சுளித்தது சுளித்தபடியே சில வாரங்கள் நின்றுபோனது. அந்த மாதம் எடுத்த கல்யாணப் படம் ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பெண்வீட்டாரை முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மற்றபடி அது நல்ல சம்பந்தம். வெளியூரிலிருந்து மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு, "என்னத்தங்க குடிச்சீங்க? என் மூஞ்சியப் பாத்துப் பொறந்த கொழந்தை வீல்னு கத்துது" என்றார். அதற்குள் பதக்கம் குத்தியாகிவிட்டது.

சங்கத்தின் தலைவியை எல்லோரும் தராசு என்பார்கள், எந்தப் பக்கமும் சாயாதவர் என்பதால். அவர் நாக்குக்காரரைக் கூப்பிட்டு, இந்த வருடம் பேல் ஏல் மேசையில் தன்னோடு உட்காரச் சொன்னார். கசப்புக்கு இருவரும் தனித்தனியே போடும் மதிப்பெண் பொருந்தினால் நாற்காலி அவருடையது. பொருந்தாவிட்டால் வேறொருவருடையது. நாக்குக்காரர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. அந்த நாற்காலியை எடுத்துவிட்டால் தான் யார் என்ற கேள்விக்கு அவரிடம் வேறு பதில் இல்லை. பிறகு மனைவியிடம் விடுப்பு மட்டும் எடுத்துவிடாதே என்று கேட்டுக்கொண்டார். "போறேன். இன்னும் ஒரு தடவைதான்" என்றார் மனைவி.

போட்டி நாள் காலையில் தராசு முதலில் செய்த காரியம் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னது. ரயில் சத்தத்தில் சுவை கலைகிறதாம். இரண்டு நடுவர்களுக்கும் நடுவில், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாதபடி ஒரு அட்டைத் தடுப்பும் நிறுத்தினார்கள். கூடம் பருத்தி அடைத்த காதுபோல் ஆகிவிட்டது. கடைசியாக வந்த கோப்பையில் ஒரு அமெரிக்கன் பேல் ஏல். வெயில் பட்ட தேன்நிறம், மேலே கலையாத வெள்ளை நுரை. மூக்கருகே கொண்டுபோனதும் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கிள்ளிய மணம், பின்னால் பம்பளிமாஸ், அதற்கும் பின்னால் புதிதாக அறுத்த பைன் பலகை. ஒரு மிடறு விழுங்கினார். பிஸ்கட்டின் அடிப்பகுதிபோல் ஒரு மால்ட் இனிப்பு, அதன்மேல் பழம். அதற்கு அப்புறம் சுவர். இந்த வகையில் கசப்புதான் தீர்ப்பு என்பது அவருக்குத் தெரியும். குறைந்தால் பழரசம், மிஞ்சினால் பக்கத்து மேசையில் போட்டியிடும் இந்தியா பேல் ஏல் என்ற கடுங்கசப்பு வகை, இங்கே அதற்குப் பரிசு கிடையாது. காதைத் தீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு மிடறு குடித்தார். இன்னொன்று. பயத்தில் இருக்கும் மனிதன் வேறு என்ன செய்வான்.

எதிரே அறிவிப்பு அறையில் மனைவிக்கு அலை அலையாக வந்தது. முதல் அலையில் முகத்தைச் சுளிக்கத் தயாரானவர், சுளிக்க மறந்துபோனார். நாக்கின் நடுவில் ஒரு சுறுக்; பிறகு ஓரங்களில் பரவல்; பிறகு வாய் துடைத்து வைத்ததுபோல் சுத்தம். இத்தனை வருடத்தில் எத்தனையோ கசப்பு வந்திருக்கிறது, தங்கிப் படுத்து எழுந்திருக்கவே மனமில்லாத கசப்புகள். இது விருந்தாளிபோல் வந்து, நாலு வார்த்தை சிரிக்கப் பேசிவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பியது. அவருக்கு மைக்கில் சிரிப்பு வந்துவிட்டது. வடக்கே போகும் விரைவு வண்டி மூன்றாவது நடைமேடையில், என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் சிரித்தார். நடைமேடையில் நின்றவர்களுக்கும் அது தொற்றியது. டிக்கெட் பரிசோதகர் டிக்கெட் இல்லாதவனின் தோளில் சாய்ந்து சிரித்தார். வடக்கே போகவேண்டியவர்கள் தெற்கே போகும் வண்டியில் ஏறிக்கொண்டு, ஏறியபிறகு தெரிந்தும் இறங்கவில்லை. ரயில் நிலையக் கடிகாரத்தின் முட்கள் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டு நின்றன. அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் தேவைப்படாததால் யாரும் புகார் கொடுக்கவில்லை.

அலைகள் நிற்காமல் வரவே மனைவிக்கு விஷயம் புரிந்தது. ஒரு கோப்பையில் இரண்டு மிடறுக்கு மேல் அவர் குடித்ததே கிடையாது. மனிதர் மாட்டிக்கொண்டிருக்கிறார். கூடவே இன்னொன்றும் தோன்றியது. இத்தனை காலம் ஒரு பாட்டின் மத்தளத்தை மட்டும் சுவருக்கு இப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம், பாட்டைக் கேட்டதில்லை. மைக்கைப் பக்கத்திலிருந்த தேன்குழைத்த குரல்காரியிடம் கொடுத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி, கூடத்தின் கதவைத் தள்ளினார்.

"வெளியாளுக்கு அனுமதி இல்ல" என்றார் தராசு.

"நான் வெளியாளு இல்லீங்க. இவரு குடிக்கிற கசப்பு எல்லாம் என் வாயிலதான் வருது. பாதி பீரு என்கிட்ட இருக்கு."

தடுப்புக்குப் பின்னால் நாக்குக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். தராசு அவரைப் பார்க்கவில்லை. "எவ்வளவு நாளா?" என்று மனைவியைத்தான் கேட்டார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து."

"இவ்வளவு நாளா ஏம்மா சொல்லல?"

"சொல்லச் சொன்னேன். உங்க நாக்குக்காரருக்கு அதுக்கு மட்டும் நாக்கு எழல."

தராசு மனைவியைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, நாக்குக்காரருக்கு வேறு வேறு கோப்பைகளைத் தன் இஷ்டப்படி எடுத்து நீட்டினார். மனைவி சுவரைப் பார்த்தபடியே, இது சப்பை, இது பரவாயில்லை, இது போன வருஷம் கொழந்தைய அழவச்சதுக்குத் தம்பி, என்று சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாக இருந்தன. தராசு ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. எடை சரிபார்த்த கடைக்காரர்போல் தலையசைத்தார். "உண்மைதான். ஆனா நடுவர் தன் நாக்காலதான் சுவைக்கணும். அதுதான் விதி. ரெண்டு பேருமே மன்னிக்கணும்."

நாக்குக்காரர் சட்டையிலிருந்த சங்கத்தின் வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது வைக்கப்பட்ட சத்தம் மட்டும் கேட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, வந்தது வந்தேன்" என்று சொல்லி மனைவி அந்தத் தேன்நிறக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஆரஞ்சுத் தோலும் பம்பளிமாஸும் பைன் பலகையும் ஒன்றாக வந்தன. அவர் கண்கள் விரிந்தன. பிறகு எதையோ தேடுபவர்போல் நாக்கைச் சுழற்றினார். "இதுல கசப்பே இல்லையே" என்றார்.

பக்கத்தில் நாக்குக்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் வாயில் ஒன்றுமில்லை; வாய் முழுக்கக் கசப்பு. "இதுவா?" என்றார் மெதுவாக. "இத்தனை வருஷமா உனக்கு இதுவா வந்துக்கிட்டு இருந்துச்சு?"

"இது நல்லது. மத்தது எல்லாம் இதுல சேத்தியே இல்ல."

அவர் பதில் சொல்ல வாயெடுத்து, விக்கல் எடுத்து, சிரிக்க ஆரம்பித்தார். இன்னொரு கோப்பையில் ஊற்றிக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி, ஒரே நேரத்தில் விழுங்கினார்கள். அவருடைய கசப்பு மனைவிக்குப் போனது, மனைவியுடையது அவருக்கு வந்தது, இரண்டு வாயிலும் முழு பீர் இருந்தது. இவ்வளவு சுலபமான காரியம் இத்தனை வருடம் இருவருக்கும் தோன்றவில்லை. அவர் என்றைக்கும் ஒரு கோப்பையை நீட்டியதில்லை, மனைவி என்றைக்கும் கேட்டதில்லை.

தராசு தடுப்பை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். "இப்ப உங்க நாக்குலயே கசக்குதா?"

"கசக்குது."

"கூட ஒருத்தர் குடிக்கக்கூடாதுன்னு விதியில இல்ல. மார்க் சொல்லுங்க. நான் இது எல்லை தாண்டிடுச்சு, பேல் ஏலே இல்லன்னு எழுதியிருக்கேன்."

கசப்பில் நாக்குக்காரர் அன்றுதான் பிறந்தவர். மனைவிக்கோ அதில் பழுத்த அனுபவம். மணத்திலும் இனிப்பிலும் நிலைமை தலைகீழ். மதிப்பெண் பொருந்தினால்தான் நாற்காலி என்பது அவருக்கு மறக்கவில்லை. தராசு சொன்னதையே திருப்பிச் சொன்னால் போதும். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி இல்லை என்று தலையாட்டினார். தாண்டவில்லை, என்றார் நாக்குக்காரர். இருவரும் மாறி மாறி, ஒருவர் விட்ட வார்த்தையை மற்றவர் எடுத்து, வழக்காடினார்கள். கசப்பு ஏறுகிறது, ஆனால் மால்ட் அதன் கையை விடவில்லை. "எல்லை தாண்டினது வீட்டுல வந்து உக்காந்துக்கும்மா. இது எந்திரிச்சுப் போயிடுது, பாருங்க" என்றார் மனைவி. தராசு மறுபடி ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு தான் எழுதியிருந்ததை அடித்தார். அவர் எழுதியதை அடித்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. புது மதிப்பெண் பொருந்தியது. தங்கப் பதக்கம் அந்த பீருக்குப் போனது, வில்லை சட்டைக்குத் திரும்பியது.

அன்றிலிருந்து பேல் ஏல் மேசையில் அந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ரயில் நிலையமும் போட்டி நாட்களில் மனைவிக்கு விடுப்பு கொடுக்கிறது. காரணம் என்ற இடத்தில் அவர் "நாக்கு" என்று எழுத, அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம். இருவரும் சண்டை போட்டுக்கொண்டால் ஒரே நேரத்தில் விழுங்க மாட்டார்கள். ஒருவர் வேண்டுமென்றே தாமதிப்பார், தீர்ப்பு நின்றுபோகும். அதனால் போட்டிக்கு முந்தைய மாலை, பீர் காய்ச்சுபவர்களில் யாராவது ஒருவர் ஏதோ ஒரு சாக்கில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டால் நலம் விசாரித்துவிட்டுத் திரும்புவார். கேட்காவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், என்ன விஷயம் என்று இருவரையும் உட்காரவைத்துக் கேட்பார். வேலையில் இதுவும் சேர்த்தி என்று இப்போது புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.