பஸ் கணக்கில் கட்டிய பெட்டி

அந்த மருந்துக்கடையில், வெளியூருக்குப் பஸ்ஸில் மருந்து அனுப்பும் குளிர்ப்பெட்டியைக் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வேலை ஒன்றும் பிரமாதமில்லை. பஸ் எப்போது கிளம்புகிறது, எப்போது போய்ச் சேருகிறது என்று பார்த்துக் கழிக்க வேண்டியது. வழித் தாமதத்துக்கு நாலு மணி நேரம் கூட்ட வேண்டியது. அதற்குத் தக்கபடி ஐஸ் பைகளை அடுக்கி மூட வேண்டியது. ஒன்பது வருஷத்தில் ஒரு மருந்துகூடக் கெட்டதில்லை. அந்தக் கைப்பழக்கம்தான் காலை வாரிவிட்டது.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் எட்டு மாதக் குழந்தைக்கு வேண்டிய ஊசி மருந்து இங்கேதான் தயாராகிறது. சொல்லிவைத்து இரண்டு மாதம் காத்திருந்து, அதை வாங்கிப்போகவே அண்ணன் வந்திருந்தான். விடிகாலை நாலு மணிக்கு விமானம், காலை பத்து மணிக்கு இறங்குகிறது என்று டிக்கெட் சொன்னது. ஆறு மணி நேரம், கூட நாலு. பத்து மணி நேரத்துக்கு ஐஸ் வைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு விமான நிலைய வாசலில் தன் கையாலேயே மூடிக் கொடுத்தாள்.

அன்று பகல் பதினொன்றரைக்கு, அண்ணன் போய்ச் சேர்ந்தாச்சா என்று கடை முதலாளி விசாரித்தார். பத்துக்கே இறங்கியிருப்பான், போன்தான் வரவில்லை என்றாள்.

"ஆறு மணி நேரத்துல போறதுக்கு அது என்ன ராக்கெட்டாம்மா?" என்று சிரித்து, இரண்டு விமான நிலையங்களையும் போனில் தட்டிக் காட்டினார். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். பதினாலு மணி நேரம். டிக்கெட்டில் இருந்த பத்து, அந்த ஊர்க் கடிகாரத்தின் பத்து.

அங்கே எட்டு மணி நேரம் பின்னால் என்பது அவளுக்குத் தெரியாதா? தினமும் சாயங்காலம் போன் போட்டு, காலைச் சாப்பாடு ஆச்சா அண்ணி என்று கேட்கிறவள்தானே! பஸ்ஸுக்குக் கழித்த கை விமானத்துக்கும் கழித்துவிட்டது. பாழாய்ப்போன கை.

அண்ணனின் போன் அணைந்து கிடந்தது. பெட்டிக்குள் மருந்தின்மேல் ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருக்கும். சூடு பட்டால் சிவந்துவிடும், அப்புறம் மருந்து குப்பைக்குத்தான். இறங்குகிற பரபரப்பில் அண்ணன் அதைக் கவனிக்காமல், குழந்தைக்குப் போட்டுவிட்டால்? சொல்லாமல் இருக்க முடியாது. பகல் பன்னிரண்டு மணிக்கு, அங்கே விடியாத வேளையில், அண்ணியை எழுப்பிச் சொன்னாள்.

அண்ணி திட்டியிருந்தால் தேவலை.

"நாளைக்குக் காலையில பாப்பாவுக்கு ஊசி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே மருந்துச் சீட்டை மூன்று தடவை படித்தாள். முதலாளி அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையைத் தானே பார்த்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான்.

"பெட்டி ஜில்லுன்னு இருக்கு. வில்லை வெள்ளையாத்தான் இருக்கு. நீ பத்து மணி நேரத்துக்குன்னு சொன்ன, சீட்டுல உக்காந்தா எதிர்த் திரையில பதினாலுன்னு போட்டிருக்கான். உன் கணக்கு எனக்குத் தெரியாதா? வழியெல்லாம் ஐஸ் கேட்டுக் கேட்டுப் பெட்டியில போட்டேன், கடைசியில விமானப் பணிப்பெண் என்னைப் பார்த்தாலே ஓடினா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணிகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாத. அவ தாங்கமாட்டா."

"அண்ணா, போனை வை" என்றாள் அவள். "முதல்ல அண்ணியைக் கூப்பிடு. ஆறு மணி நேரமா அவங்களுக்குத் தெரியும்."