பின்வரிசை டீச்சரும் அவள் நாத்தனாரும்

1

இது என் கதை இல்லை, அண்ணியின் கதை. அண்ணி வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில், துவைத்த துணியை மடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் இதைச் சொன்னாள். நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்தும் சொன்னாள். அப்படியென்றால் எழுதிக்கோ என்றுதானே அர்த்தம்? எழுதி அனுப்பினேன். படித்துவிட்டு அவள் சொன்னது: "மனசு பாரம் குறையட்டும்னு உன்கிட்ட சொன்னேன். நீ என்னடான்னா நம்பர் போட்டு எழுதி வச்சிருக்க."

எழுதாதே என்று மட்டும் சொல்லவில்லை. அதனால் தொடர்கிறேன்.

நாத்தனார் எழுதும் கதையில் அண்ணி எந்த லட்சணத்தில் வருவாள் என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கும். நியாயமான சந்தேகம்தான். எங்களுக்குள் இப்போது எந்த மனத்தாங்கலும் இல்லை. (முன்பு இருந்தது. அது வேறு கதை, அதில் ஒரு மிக்ஸி வருகிறது.) நேரில் அவளை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன். கதைக்குள் "அவள்" என்று எழுதும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. ஆனால் "அவர்" என்று எழுதினால் யாரோ தாசில்தார் மாதிரி இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: விமானம் தரையைத் தொட்டபோது அவள் கண்களில் ஆயிரம் கனவுகள்

அடித்துவிட்டேன். அண்ணிக்கு அப்போது கனவு எதுவும் இல்லை. காது அடைத்திருந்தது. அண்ணன் கட்டிக்கொடுத்த பெட்டியின் சக்கரம் ஒன்று காணாமல் போயிருந்தது.

இரண்டாவது தொடக்கம்: ஒரு மொழியைக் கற்பிப்பது என்பது, ஆழ்ந்து நோக்குங்கால், தன்னையே

இதுவும் வேண்டாம். "நோக்குங்கால்" என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

மூன்றாவது: அவள் தவளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தாள்.

இது நிற்கும்.

3

அவள் தவளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தாள். எதிரே சின்னஞ்சிறு நாற்காலிகளில் குழந்தைகள். தவளைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று சொல்லிக்கொடுக்க, அவள் வேலைக்குச் சேர்ந்திருந்த நிறுவனத்தில் குதிப்பதுதான் முறை. சும்மா சொல்லிவிட்டுப் போனால் கதவிலுள்ள கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்க்கிற நிர்வாகி அம்மாளின் புருவம் ஏறும். ஊரில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் அவள். அவள் வகுப்பறைக்குள் நுழைந்தால் மீசை முளைத்த பையன்களே எழுந்து நிற்பார்கள். இங்கே காலையில் தவளை, மதியம் முயல், சாயங்காலம் ரயில்வண்டி. முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தூங்குவாள்.

அறை ஒன்று கொடுத்திருந்தார்கள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அலமாரிக் கதவைத் திறந்தால் அறைக் கதவைத் திறக்க முடியாது. நாள் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருக்கும். வந்து உட்கார்ந்தால் பேச ஆள் இருக்காது.

இதெல்லாம் அவளுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நான்தான் பெரிதாக எழுதுகிறேன். "வேலைன்னா அப்படித்தான் இருக்கும், அதுல என்ன?" என்பது அவள் பாட்டு. அவளைக் குழப்பியது வேறு.

4

அந்த நிறுவனத்தில் பெற்றோர் தினம் என்று ஒன்று உண்டு. பருவம் முடிகிறபோது அப்பா அம்மாக்கள் வந்து வகுப்பறையின் இரு ஓரங்களிலும் உட்கார்ந்து, டீச்சர் பாடம் நடத்துவதைப் பார்ப்பார்கள். முதல் பெற்றோர் தினத்துக்கு முன்னால் நிர்வாகி அம்மாள் அவளை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, தோளில் கைவைத்துப் பேசினாள்.*

"பெற்றோருங்க ஒரு மாதிரி எதிர்பார்ப்போட வருவாங்கம்மா. இங்கிலீஷ் டீச்சர்னா முகம் இப்படி இருக்கணும், முடி இப்படி இருக்கணும்னு. தப்புதான். நான் என்ன செய்யட்டும்? அன்னைக்கு ஒரு நாள் மட்டும் முன்னாடி வேற ஒருத்தர் நிப்பார். நீங்க பின்னாடி உதவியாளரா உக்காந்துக்கோங்க."

(* இவர்கள் யாரும் தமிழில் பேசவில்லை. அண்ணிதான் தமிழில் சொன்னாள், அதுவும் "அம்மா" போட்டு. அந்த "அம்மா" அண்ணியாகச் சேர்த்துக்கொண்டது என்று நினைக்கிறேன். அவமானத்தை மரியாதையாகச் சொல்லிப் பழகிய குடும்பம் எங்களுடையது.)

அந்த "வேற ஒருத்தர்" பக்கத்துத் தெரு நீச்சல்குளத்தில் பயிற்சியாளர். எதிர்பார்க்கிற முகம், எதிர்பார்க்கிற முடி, கதவை அடைக்கிற தோள். ஆங்கிலம் மட்டும் தெரியாது. அவரும் வேறு ஏதோ நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்தான்.

5

இந்த இடத்தில் அண்ணிக்குக் கோபம் வர வேண்டும். கதைக்கு அது தேவை. அதனால் எழுதினேன்:

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். 'என் படிப்புக்கும் என் அனுபவத்துக்கும் நீங்கள் தருகிற மரியாதை இதுதானா?' அவள் குரலில் நெருப்பு

அண்ணி இதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "இது யாரு?"

"நீங்கதான் அண்ணி."

"நான் எப்ப இப்படிப் பேசினேன்? நான் அந்தத் தேநீரைக் குடிச்சேன். சக்கரை கம்மியா இருந்துச்சு."

கோபமே வரவில்லையா என்று கேட்டேன். வந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லையாம். இப்போது அங்கேயே இருக்கிற அண்ணன் அவள் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான்: "ஒரு நாள் கூத்துக்கு எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி?" அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அது எதற்கான கோபம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

6

ஆக, அந்த நீச்சல் பயிற்சியாளருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் அவள் வேலையாயிற்று. நீச்சல்குளத்தின் ஈரப் படிக்கட்டில், மருந்துத் தண்ணீர் வாசனைக்கு நடுவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். மனுஷர் தலையில் துண்டோடு வந்து கைகட்டி உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லி, தப்பு வந்தால் தன் தொடையில் தானே அடித்துக்கொள்வார். "எனக்கு வெக்கமா இருக்கு, உங்க இடத்துல நான் நிக்கிறேன்" என்று ஒரு நாள் சைகையும் பேச்சுமாகச் சொன்னார். அவரைத் திட்ட முடியாமல் போனதுதான் அண்ணியின் முதல் சங்கடம்.

இரண்டாவது சங்கடம் பெற்றோர் தினத்தன்று வந்தது. அவள் பின்சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். விளையாட்டு இதுதான்: குழந்தைகளுக்குப் பின்னால் அவள் ஒரு மிருகத்தின் பட அட்டையைத் தூக்கிப் பிடிப்பாள். முன்னால் நிற்கிறவர் அதைப் பார்த்து அந்த மிருகத்தை ஆங்கிலத்தில் வர்ணிப்பார். குழந்தைகள் திரும்பிப் பார்க்காமல் என்ன மிருகம் என்று சொல்ல வேண்டும். நீச்சல்காரர் யானையை வர்ணித்தார், ஒரு பிசிறு இல்லை. குரங்கை வர்ணித்தார், சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. கைதட்டல்.

அண்ணிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டதாம். "என் ஸ்டூடண்ட் பாஸ் பண்ணிட்டான்னு இருந்துச்சும்மா. சத்தியமா அதான் தோணுச்சு. வீட்டுக்கு வந்தப்புறம்தான், ஐயையோ நான் எதுக்கு சந்தோஷப்பட்டேன்னு என்னையே கேட்டுக்கிட்டேன்."

நான் பேனாவை மூடிவைத்தது இங்கேதான். அவமானப்பட்டவள் பெருமைப்பட்டால் அந்தக் கதைக்கு நான் என்ன பெயர் வைப்பது? அவள் ஏமாளியா, நல்ல டீச்சரா? இரண்டும் ஒருத்தியாகவே இருக்க முடியுமா? வாசகரே, உங்களுக்குத் தெரிந்திருந்தால் சும்மா இருக்காமல் சொல்லுங்கள்.

7

அடுத்த பருவத்தில் அண்ணன் இங்கே வேலையை விட்டுவிட்டு, அவர்கள் மகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தான். குடும்பத்தின் விசா அண்ணியின் வேலையைப் பிடித்துத்தான் தொங்கியது. பாப்பாவுக்கு நிறுவனத்திலேயே இடம் கொடுத்தார்கள், அண்ணியின் வகுப்பிலேயே. அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை உண்டு.

பாப்பாவுக்கு அப்போது தலைகால் புரியவில்லை. தன் அம்மா தவளையாகக் குதிப்பதைப் பார்த்து, பக்கத்துப் பிள்ளைகளிடம் "என் அம்மா, என் அம்மா" என்று சொல்லி மாய்ந்துபோனாள்.

பிறகு பெற்றோர் தினம் வந்தது.

அண்ணி நிர்வாகி அம்மாளிடம் போய், "இந்த ஒரு தடவை நானே முன்னாடி நிக்கிறேனே" என்று கேட்டாள். கெஞ்சவில்லை, கேட்டாள் (இதை அழுத்தி எழுதச் சொன்னாள்). நிர்வாகி அம்மாள் வருத்தத்தோடு தலையாட்டினாள். பெற்றோர் நீச்சல்காரரைத்தான் டீச்சர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், இப்போது மாற்றினால் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வழியில்லை என்றாள். அன்றைக்கு மட்டும் பாப்பாவை வீட்டில் விட்டுவரலாம் என்று யோசனையும் சொன்னாள்.

அண்ணனும் அதையே சொன்னான். "காய்ச்சல்னு சொல்லிடு."

பாப்பா மாட்டேன் என்றாள். நீச்சல்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக ஒரு வாரமாக அண்ணி வீட்டில் அந்த வர்ணனைகளைச் சொல்லிப் பார்ப்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாம் மனப்பாடம். புதுச் சட்டையை எடுத்துவைத்துவிட்டாள். அம்மா எல்லார் முன்னாலும் செய்வதைப் பார்க்க வேண்டுமாம். அம்மா முன்னால் நிற்கப்போவதில்லை என்று சொல்ல அண்ணி வாயைத் திறந்தாள். தலைவாரிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

8

இங்கே எனக்கு இரண்டு வழி இருந்தது.

(அ) பாதி வகுப்பில் அவள் எழுந்து முன்னால் போகிறாள். நீச்சல்காரர் வழிவிடுகிறார். பெற்றோர் வாயடைத்துப்போகிறார்கள். இதை எழுதினால் எனக்குப் பரிசு கிடைக்கும், குடும்பத்துக்கு விசா போய்விடும்.

(ஆ) அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பாப்பா திரும்பிப் பார்த்து, முகம் வாடி, பிறகு

இதை என்னால் முடிக்க முடியவில்லை. அத்தை இல்லையா நான்.

நடந்தது இரண்டும் இல்லை.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாப்பா முதல் வரிசையில். நீச்சல்காரர் முன்னால் வந்து நின்றதும் பாப்பா சுற்றுமுற்றும் பார்த்தாள். பின்னால் அம்மாவைக் கண்டாள். முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். யானை போயிற்று, குரங்கு போயிற்று. அண்ணி ஒட்டகச்சிவிங்கி அட்டையைத் தூக்கினாள். நீச்சல்காரர், "அதன் கழுத்து நீளம்" என்று ஆங்கிலத்தில் தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டார். எல்லாம் மறந்துபோயிற்று. மனுஷருக்கு வியர்த்துக்கொட்டியது. உதவி கேட்டு அண்ணியைப் பார்த்தார். நிர்வாகி அம்மாளும் அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் வாயில் அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அட்டையை இன்னும் உயரமாகத் தூக்கிப் பிடித்தாள்.

பாப்பா திரும்பினாள். அட்டையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, மிச்ச வர்ணனையை ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னாள். என்ன தின்னும், உடம்பில் என்ன நிறத்தில் திட்டுகள், எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று அம்மா சொல்கிற அதே ஏற்ற இறக்கத்தோடு. பிள்ளைகள் விடையைக் கத்தினார்கள். அறையே கைதட்டியது. ஒரு அப்பா எழுந்து வந்து நீச்சல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், குழந்தையை இவ்வளவு நன்றாகத் தயார் செய்ததற்காக.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே பாப்பா பின்பக்கம் திரும்பி, தமிழில், பலமாகக் கேட்டாள்: "ஏம்மா நீ சொல்லல?"

9

அண்ணி என்ன பதில் சொன்னாள்?

முதல் தடவை இந்த இடம் வந்தபோது அண்ணி, "சிக்னல் சரியில்ல" என்றாள். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. இரண்டாம் தடவை, தலையை மட்டும் ஆட்டியதாகச் சொன்னாள். மூன்றாம் தடவை, மற்ற பிள்ளைகளிடம் சொல்வது மாதிரி "வெரி குட்" என்று சொல்லிவிட்டதாகச் சொல்லி, மடித்த துணியையே மறுபடியும் உதறி மடித்தாள். ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள் என்று அண்ணன் சந்தோஷமாகச் சொன்னான். நான் கேட்டது அது இல்லை.

கடைசியில் பாப்பாவிடமே கேட்கலாம் என்று, அண்ணி குளிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். பாப்பா போனைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்குப் பக்கத்து இடுக்கில் போய் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அம்மா உன்கிட்ட என்னடா சொன்னாங்க?"

"எல்லாரும் கைதட்டிட்டு இருந்தாங்க அத்தை. அம்மா வாய் அசைஞ்சுது. எனக்குக் கேக்கல."

"அப்புறமா கேட்டியா?"

"இல்ல." கொஞ்ச நேரம் போனின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "அம்மா எல்லாத்தையும் உங்ககிட்டதான சொல்வாங்க. என்ன சொன்னாங்கன்னு நீங்க சொல்லுங்க அத்தை."

குளியலறையில் தண்ணீர் நின்ற சத்தம் எனக்கே கேட்டது. பாப்பா போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டதில் திரையில் அவள் முடிதான் தெரிகிறது. நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வாசகரே, சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள், அண்ணி வருவதற்குள் நான் அப்படியே பாப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்.