சிவப்புக் காக்கா வழக்கு

பெயிண்ட் கடையில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபது வயது மேஸ்திரிகூட, "அக்கா, போன தடவை குடுத்தீங்களே அந்த கிரீம், அதுல ரெண்டு டப்பா" என்பார். பழைய சுவரிலிருந்து நகத்தளவு பெயர்த்து வந்து நீட்டினால் போதும், கடையில் இருக்கும் மெஷினைக் கேட்காமல் கண்ணாலேயே அளந்து அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவாள். நிறத்தில் தன்னை ஒருத்தனும் ஏமாற்ற முடியாது என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருபது வருடம் டப்பா கிளறிச் சம்பாதித்த கர்வம், இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படிப்பட்டவளை ஒரு நீர்யானை கவிழ்த்துவிட்டது.

அந்த நீர்யானை ஒரு பஸ் டிரைவர். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டிவியில் வரும் கார்ட்டூன். அதன் பஸ்ஸில் ஒரு காக்கா கண்டக்டர். பஸ் ஒரு நாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. சேறு, மழை, வாத்துக் கூட்டம், ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். அண்ணன், அவள், தம்பி மூன்று பேரும் பல்கூடத் தேய்க்காமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். வாயில் ஈ புகுந்தாலும் தெரியாது.

வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. அங்கேதான் சண்டை வந்தது. நீர்யானை நீலம் என்றான் அண்ணன். பச்சை என்றாள் அவள். வாய்ச்சண்டை தலைமுடிச் சண்டையாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மூக்குக்கண்ணாடியே உடைந்தது. அப்பா நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட். ஊர் வழக்கையெல்லாம் டைப் அடித்து அடித்து அவருக்குள்ளும் ஒரு நீதிபதி குடியேறியிருந்தார். மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து விசாரித்து, மறுநாள் ஆபீஸிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். 'நீர்யானையின் நிறத்தை மகள் முடிவு செய்வாள். பஸ்ஸின் நிறத்தை மூத்த மகன் முடிவு செய்வான். காக்காவின் நிறத்தை இளைய மகன் முடிவு செய்வான். ஒருவர் நிறத்தில் மற்றவர் தலையிடக் கூடாது. மேல்முறையீடு கிடையாது.'

அவள் இளம்பச்சை என்றாள். அண்ணன் கத்திரிப்பூ நிறம் என்றான். தம்பிக்கு அப்போது ஐந்து வயது. விரலைச் சூப்புவதை நிறுத்திவிட்டு, "காக்கா சிவப்பு" என்றான்.

வீடே சிரித்தது. அம்மா அடுப்பை விட்டு வந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்கு செங்காக்கா என்று பேர். பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் தாண்டி, போன வருடம் அவன் கல்யாணத்திலும் அண்ணன் மைக்கைப் பிடித்து, "காக்காவைச் சிவப்புன்னு சொன்ன ஆளு, பொண்ணையாவது சரியாப் பாத்துத் தேர்ந்தெடுத்திருக்கான்" என்றான். தம்பி எப்போதும்போலச் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். கோபமே வராத பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள்.

அந்தத் தம்பிக்குப் போன வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வீடு திரும்புவதற்குள் குழந்தையின் அறைச் சுவரில் அந்த பஸ்ஸை வரைந்து வைத்துவிட வேண்டும் என்று அக்காவுக்குக் கை பரபரத்தது. கடைக்கு மூன்று நாள் லீவு சொன்னாள். தம்பியிடம் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டாள், விஷயத்தைச் சொல்லவில்லை. வாசனையே வராத பெயிண்டாகப் பார்த்து எடுத்தாள். முதல் நாள் பென்சில். இரண்டாம் நாள் கத்திரிப்பூ நிற பஸ்ஸும் இளம்பச்சை நீர்யானையும் சுவரில் ஏறிவிட்டன. மூன்றாம் நாள் காலை காக்காவுக்கு வந்தாள்.

காக்காவை மட்டும் கறுப்பாக அடித்தாள்.

யோசிக்காமல் செய்யவில்லை. இந்தக் குழந்தை தினமும் பார்க்கப் போகிற முதல் காக்கா இது. இதையும் சிவப்பாக வைத்தால் நாளைக்கு அப்பன் பட்ட பாடு மகளும் படுவாளே என்று ஒரு கரிசனம். நிறம் தெரிந்தவள் செய்கிற காரியமா இது என்று ஒரு கௌரவமும் கூட. தன் பச்சை நீர்யானை மட்டும் எந்தக் காட்டில் மேய்கிறது என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. யார்தான் கேட்டுக்கொள்கிறோம்?

பதினோரு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பஸ்ஸுக்கு ஜன்னல் ஐந்தா ஆறா? போனை எடுத்து, கையெல்லாம் பெயிண்டோடு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடினாள். கிடைத்துவிட்டது! யாரோ ஒரு புண்ணியவான் பழைய கார்ட்டூனைத் தேடி எடுத்து இன்டர்நெட்டில் ஏற்றியிருந்தான். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தான் பார்ப்பதற்கு முன்பே அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள். நல்லதோ கெட்டதோ முதலில் அண்ணனுக்குச் சொல்லிவிடுவது அவள் வழக்கம். அவன் ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் முடிந்துதான் போனைத் தொடுவான். பிறகு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள்.

அதே டுங் டுங் பாட்டு. முப்பது வருடத்துக்குப் பிறகும் அவளுக்கு வாய் தானாகக் கூடவே பாடியது. பஸ் வளைவில் திரும்பி வந்தது. மஞ்சள் பஸ். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நீர்யானை உட்கார்ந்திருந்தது. வெறும் சேற்று நிறம், எந்த நீர்யானைக்கும் இருக்கிற நிறம். படியில் தொங்கியபடி, டிக்கெட் பையை ஆட்டிக்கொண்டு, காக்கா வந்தது.

காக்கா சிவப்பு.

அக்கா படத்தை நிறுத்தினாள். போனைச் சேலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். எவ்வளவு துடைத்தாலும் சிவப்பு சிவப்புதான். கறுப்பு வெள்ளை டிவியில் சிவப்பும் கறுப்பாகத்தான் தெரியும். இது ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பெயிண்ட் கடைக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மூன்று பேரில் சரியாகச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான். சிரிப்பு வாங்கியவனும் அவன் ஒருத்தன்தான். முப்பது வருடம் சிரித்தது போதாதென்று, அப்பா எழுதிக் கொடுத்த தீர்ப்பையும் மீறி, அவன் பெற்ற குழந்தையின் சுவரில் அவனுடைய நிறத்தையே அழித்து வைத்திருக்கிறாள். மூன்று மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

கறுப்பின்மேல் சிவப்பு நேராக ஏறாது, அழுக்கு பிடித்தாற்போல் நிற்கும். முதலில் வெள்ளை இரண்டு கை பூச வேண்டும், காய்ந்ததும் சிவப்பு இரண்டு கை. ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். வெள்ளை காய்கிற நேரத்தில் சிவப்பைக் கலந்தாள். மிளகாய்ச் சிவப்பு இல்லை, செங்கல் சிவப்பும் இல்லை. போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தாள். எத்தனையோ பேர் வீட்டு வரவேற்பறைக்குக் கலந்திருக்கிறாள், ஒன்றுக்கும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. மத்தியானச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக் கிடந்தது. பச்சை நீர்யானையையும் கத்திரிப்பூ பஸ்ஸையும் அவள் தொடவில்லை. தீர்ப்பு தீர்ப்புதான்.

கடைசியாகக் காக்காவின் வாலை முடிக்கும்போது வாசலில் ஆட்டோ நின்றது.

தம்பி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவன் மனைவி பின்னாலேயே மெதுவாக வந்து, சுவரைப் பார்த்ததும் கன்னத்தில் கைவைத்து, "அய்யோ அண்ணி, இது அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரே அந்த பஸ்ஸா?" என்றாள்.

"கிட்ட போயிடாதம்மா, காக்கா இன்னும் காயல. ரெண்டு நாள் பாப்பாவை உங்க ரூம்லயே படுக்க வை."

தம்பி மனைவி படுக்கப் போனாள். தம்பி நகரவில்லை. குழந்தையை ஆட்டிக்கொண்டே காக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சிவப்பா போட்டிருக்கியே" என்றான்.

அக்காவுக்கு அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. முதலில் கறுப்பு அடித்ததையும் பிறகு படம் பார்த்ததையும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டு, போனை நீட்டினாள். "நீ சொன்னதுதான்டா சரி. நாங்கதான் முட்டாளுங்க. உன்னைப் போட்டு அந்தப் பாடு படுத்தினோமே" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பி போனைப் பார்க்கக்கூட இல்லை. "தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"பக்கத்து வீட்டுல கலர் டிவி இருந்துச்சில்ல. பந்து எடுக்கப் போனப்ப ஜன்னல் வழியா ஒரே ஒரு தடவை பாத்தேன். பாதி கதை."

அந்த வீட்டோடு அப்பாவுக்குத் தண்ணீர்க் குழாய்த் தகராறு. காலை எடுத்து வைத்தால் முதுகுத்தோல் உரிந்துவிடும்.

"அப்பாவுக்குப் பயந்துதான் சொல்லலியா?"

"மொதல்ல பயம்தான்." குழந்தையின் தொப்பி நழுவியதைச் சரிசெய்தான். "அப்புறம், நீ பச்சைன்னு சொன்னப்ப உன் முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் போய் சேத்துக் கலருன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? என் காக்காவை மட்டும் உள்ளபடி சொல்லிட்டேன். நீங்க சிரிச்சீங்க. சரி, சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்."

நிறத்தில் யாரும் தன்னை ஏமாற்ற முடியாது என்று இருந்தவளை ஐந்து வயதுப் பிள்ளை முப்பது வருடம் ஏமாற்றியிருக்கிறான். அவளுக்கு அதில் வந்தது கோபம் இல்லை, இவன் எனக்குத் தம்பியாக வாய்த்தானே என்கிற நிறைவு.

"அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதக்கா" என்றான் தம்பி. "அவன் வீட்டு கேட்டுக்கே கத்திரிப்பூ கலர் அடிச்சு வச்சிருக்கான். பஸ் மஞ்சள்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவான்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீடியோவை அனுப்பிவிட்டதைச் சொல்வதற்குள் போன் அடித்தது. அண்ணன்தான். கையில் பெயிண்ட் ஈரம், ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, என்ன வீடியோ அனுப்பியிருக்கே?" அண்ணனின் குரல் அறையையே நிறைத்தது. "எவனோ புதுசா கலர் பூசறேன்னு எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கான்! பஸ்ஸைப் போய் மஞ்சள்ல அடிச்சிருக்கான். இவன் என்னத்தைக் கண்டான்? காக்காவைப் பாத்தாலே தெரியலையா, செவப்பாம்! நம்ம பய சொன்ன மாதிரியே!"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார்கள் போலிருக்கிறது. அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, போன் பக்கம் குனிந்தான்.

"ஆமாண்ணா. தப்பாத்தான் பூசியிருக்காங்க. காக்கா எங்கயாவது சிவப்பா இருக்குமா?"

"அப்படிச் சொல்லு! இப்பவாவது புத்தி வந்துச்சே."

அக்காவால் பொறுக்க முடியவில்லை. போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முப்பது வருடம் விட்டது போதும்.

"அண்ணே, வீடியோ எக்கேடு கெட்டும் போகட்டும். அப்பா தீர்ப்பு ஞாபகம் இருக்கா? காக்கா யாரோடது?"

"அவனோடதுதான்."

"அப்போ இந்த வீட்டுச் சுவத்துல காக்கா சிவப்பு. என் கையால அடிச்சிருக்கேன். இனிமே அதைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. மேல்முறையீடு கிடையாது."

அண்ணன் இருமினான். எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"சரி சரி, சிரிக்கல" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பஸ்?" என்று கேட்டான்.

"கத்திரிப்பூ."

"அப்ப சரி" என்றான் அண்ணன்.