தலைவரைச் சிறிதாக்க அனுமதி

சாக்கியூசாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் மண்டபத்தில் அவன் மாமன் மகள் உனாய்சி தன் மடிக்கணினியைத் திறந்து, ரக்பிப் போட்டிக்காக எழுதிய இணையப் பக்கத்தைக் காட்டியபோது, அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருடைய போனிலும் அது பளிச்சென்று வந்தது. அணிகளின் படம், புள்ளிகள், அடியில் யாரும் ரெண்டு வரி எழுத ஓர் இடம். கைதட்டல் ஓய்வதற்குள் சாக்கியூசா அந்த முகவரியை உலகம் முழுக்க அனுப்பிவிட்டான். சினாய் பாலைவனத்தில் அமைதிப்படையில் இருக்கும் ஊர்ப் பையன்கள், ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போனவர்கள், யாரையும் விடவில்லை. ‘நம்ம ஊர் அணி வாய்தாமு நாளைக்கு இறுதி ஆட்டம் ஆடுது, இதுல பாருங்க’ என்று டமாரம் அடித்துவிட்டுத்தான் யங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ப்பால் மீனும் வாயில் இருக்கும்போதே ஓடி வந்தான்.

“ஏய் மச்சினி, உன் பக்கம் படுத்துடுச்சு. சினாய்ல ஒருத்தனுக்கும் திறக்கலையாம். பழம் பறிக்கிறவனுங்க என்னைத் திட்டித் தீர்க்கிறானுங்க.”

“எந்த முகவரிய அனுப்பின?”

“நேத்து நீ பலகையில எழுதிப் போட்டியே, அதத்தான்.”

உனாய்சி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அடப்பாவி மச்சான்! அது என் கம்ப்யூட்டரோட முகவரி. மண்டபத்து வைஃபைக்குள்ள இருந்தாத்தான் வரும். பக்கம் இன்னும் இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. கிளவுட்ல ஏத்தினாத்தானே வெளில இருக்கிறவங்களுக்குத் தெரியும்?”

“அப்போ சினாய்ல இருக்கிறவன் நம்ம மண்டபத்துக்கு வந்தா பார்க்கலாம்?”

“பார்க்கலாம்.”

“அருமையான கண்டுபிடிப்பு. இவ்வளவு தூரம் வந்தவன் அப்படியே மைதானத்தை எட்டிப் பார்த்துட்டுப் போகமாட்டானா? இதுக்கா சுவா நகரத்து ஆபீஸ்ல உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?”

அத்தை மகன் என்றால் அப்படித்தான் பேசுவான். பேசாவிட்டால்தான் அங்கே தப்பு. ஆனால் பழி அவன் ஒருத்தன் மேல் மட்டும் இல்லை. காட்டி முடித்ததும் கிளவுடில் ஏற்றிவிடுவது என்றுதான் உனாய்சி இருந்தாள். அன்று பகலில்தான் வாய்தாமு அரையிறுதியில் ஜெயித்திருந்தது. பாட்டும் ஆட்டமுமாக இருந்த மண்டபத்தில் கணினியைக் கட்டிக்கொண்டு உட்கார யாருக்கு மனசு வரும்?

மற்றவர்கள் பார்க்காவிட்டால் போகட்டும். இலைத்தியா பார்க்க வேண்டும். அவன் உனாய்சியின் அண்ணன். வாய்தாமு அணிக்கு எத்தனையோ வருஷம் தலைமை தாங்கி, ஒரு தடவைகூட இறுதி ஆட்டத்தைத் தொடாதவன். இந்த வருஷம் அவனைச் சினாய்க்கு அனுப்பினார்கள். இந்த வருஷம் பார்த்து அணி இறுதிக்கு வந்து நிற்கிறது. அந்த ஊரில் வயசு வந்த அண்ணனும் தங்கையும் முகத்துக்கு முகம் பேசிக்கொள்வதில்லை. போனிலும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் மூன்றாவது ஆள் வேண்டும். அது மரியாதை, யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. உனாய்சியும் நினைத்ததில்லை, அவன் அவ்வளவு தூரம் போகிறவரைக்கும். புள்ளி ஏற ஏற அவள் எழுதுவாள், அந்த நொடியே அவன் படிப்பான். அதைப் பேச்சு என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஒன்றுக்காகத்தான் ஒரு மாசம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை எழுதினாள்.

ஆட்டம் மதியம் இரண்டு மணிக்கு.

சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் சிக்னல் கொஞ்சம் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து, பக்கங்கள், படங்கள், கணக்குப் போடும் நிரல் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாக்கிக் கிளவுடுக்கு அனுப்பினாள். முக்கி முனகி முக்கால்வாசி ஏறியது. பிறகு சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. ஒரு கோப்பு அளவுக்கு மீறிப் பெரிசு. அதனால் மூட்டை மொத்தமும் திரும்பிவிட்டது.

“எது அந்தத் தடியன்?” என்று சாக்கியூசா குனிந்தான். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

ராட்டு செமி. ஊர்த்தலைவர். முதல் பக்கத்தில் அவர் படம். சுவரொட்டி போடுவதற்காக எடுத்த படத்தை, ‘இதை அப்படியே போடுங்கள்’ என்று அவரே சபையில் வைத்துக் கொடுத்திருந்தார்.

“அவ்வளவுதானா? சின்னதாக்கிட்டாப் போச்சு. போன்ல பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் உனாய்சி.

“எனக்குத் தெரியுமே” என்றாள் சாக்கியூசாவின் அம்மா, மகெரேத்தா அத்தை. கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “தலைவர் அப்படியே போடச் சொன்னாரு. நீ அவரைக் கேக்காம குறுக்குவியா?”

“அவரை இல்ல அத்தை, படத்தை.”

“படத்துல இருக்கிறது யாரு?”

தலைவர் படத்தை எடுத்துவிட்டு ஏற்றலாம் என்றால், அது சிறிதாக்குவதைவிடப் பெரிய குற்றம். அத்தை எழுந்துபோய் உள்ளே கட்டி வைத்திருந்த யங்கோனா வேர்க்கட்டைக் கொண்டுவந்து மகன் கையில் திணித்தாள். தலைவரிடம் ஒன்று கேட்கப் போனால் வெறுங்கையோடு போகக்கூடாது.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். தலைவர் வீட்டில் அவசரத்துக்கு இடமே கிடையாது. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேர்க்கட்டை முன்னால் வைத்து, சாக்கியூசா பேச ஆரம்பித்தான். வாய் நீளம் என்றேனே, அது அன்றைக்கு ஒரு முழம் கூடுதலாக நீண்டது. தலைவரின் குலத்தைச் சொன்னான், நிலத்தைச் சொன்னான், கடலைச் சொன்னான். பின்னால் உட்கார்ந்திருந்த உனாய்சி அவன் முதுகில் விரலால் குத்தினாள். அவன் கடலிலிருந்து மெல்லப் பாலைவனத்துக்கு வந்து, அங்கிருக்கும் பையன்களைச் சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

“…ஆகையால், இந்தச் சிறு வேரை முன்னிட்டு, தங்களைச் சிறிதாக்கிக்கொள்ள அனுமதி கேட்கிறோம்.”

ராட்டு செமி வேரைப் பார்த்தார். உனாய்சியைப் பார்த்தார். குனிந்து தன் வயிற்றையும் பார்த்தார்.

“எவ்வளவு?”

“இருபதுல ஒரு பங்கு, ஐயா” என்றாள் உனாய்சி தலையைத் தூக்காமல்.

“என் வீட்டுக்காரி இருபது வருஷமா முயற்சி பண்றா. அவளால முடியாதத நீ ஒரு காலையில செய்யறேன்ங்கிற.” அவர் தோள் குலுங்கியது. அதற்குமேல் வீட்டில் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “செய்யம்மா. தொப்பையில மட்டும் இன்னும் ரெண்டு பங்கு சேர்த்து எடுக்க முடியுமா?”

“அது முடியாதுங்க. எல்லாம் ஒண்ணாத்தான் குறையும்.”

“சரி, உங்க கம்ப்யூட்டர் அவ்வளவுதான்” என்று கைகளைக் குவித்துத் தட்டி வேரை ஏற்றுக்கொண்டார்.

ஏற்றுக்கொண்ட வேரை இடித்துக் கரைத்து ஆளுக்கொரு சிரட்டை குடிக்காமல் எழுந்து வர முடியுமா? குடித்தார்கள். உனாய்சி வெளியே வந்ததும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமாக ஓடினாள். மைதானத்தில் விசிலை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையோரம் உட்கார்ந்து படத்தைச் சுருக்கி, மூட்டையை மறுபடி கட்டி அனுப்பினாள். பாதி. முக்கால். அதே இடத்தில் கொஞ்ச நேரம் நின்று அவள் உயிரை எடுத்தது. பிறகு பச்சை எழுத்தில் ஒரு வரி, அதன் கீழே உலகத்தில் எங்கிருந்தும் திறக்கும் முகவரி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அனுப்புடா மச்சான்! இப்போ அனுப்பு! வாயை இப்போ நீட்டு!”

கோட்டோரம் கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பாதியிலேயே பக்கத்தின் அடியில் பெயர்கள் வர ஆரம்பித்தன. பழத்தோட்டத்திலிருந்து நாலைந்து பேர். பிறகு சினாய். ‘இங்கே இன்னும் விடியலை. ஒரு போனைச் சுத்தி பதினோரு பேர் உட்கார்ந்திருக்கோம். இலைத்தியா.’ அவள் அதைப் படித்தாள், பதில் எழுதவில்லை. புள்ளியை எழுதினாள். எதிர் அணி நாசேவா ஏழு, வாய்தாமு ஐந்து. அவள் ஒரு வரி எழுதினால் அங்கிருந்து ஒரு கூச்சல் எழுத்தாக வந்தது.

கடைசி நிமிஷத்தில் நாசேவா பதினாலு, வாய்தாமு பன்னிரண்டு. முடிவு மணி அடித்தாயிற்று; பந்து வெளியே போனால் ஆட்டம் தீர்ந்தது. வாய்தாமுவின் இடது கோடியில், இலைத்தியாவின் பழைய இடத்தில், ஒரு புதுப் பையன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டை ஒட்டி ஓடினான். ஒருத்தனை ஏமாற்றினான், இன்னொருத்தன் சட்டையைப் பிடித்தும் நிற்கவில்லை, எதிரணிக் கோட்டைத் தாண்டி மூலையில் பந்தோடு போய் விழுந்தான்; ஐந்து புள்ளி. ஊரே மைதானத்துக்குள் பாய்ந்தது. உனாய்சி கணினியைப் போட்டுவிட்டு அந்த இடது கோடிக்கே பாய்ந்தாள், அத்தை கரண்டியோடு பாய்ந்தாள். தலைவர் தன் முழு அளவோடு பாய்ந்தார்.

உனாய்சி திரும்பி வந்து புல்லில் கிடந்த கணினியை எடுத்தபோது அடியில் இலைத்தியாவின் கேள்விகள், சாக்கியூசாவின் பெயருக்கு, வரி வரியாக நிறைந்திருந்தன.

‘சாக்கி, என்ன ஆச்சு?’

‘சாக்கி, பக்கம் நின்னுபோச்சா?’

‘சாக்கி, எழுதற பிள்ளைகிட்ட கேளு. தோத்துட்டோமா?’

வாய்தாமு பதினேழு, நாசேவா பதினாலு என்று எழுதினாள். சினாயிலிருந்து பதில் வந்தது.

‘சாக்கி, உன் மாமன் மகள்கிட்ட சொல்லு. அந்தப் பக்கம் நின்னுபோன அந்த நேரம் நான் செத்துட்டேன். ஏன் எழுதலன்னு கேளு.’

சாக்கியூசா அவள் தோளுக்கு மேலாக அதைப் படித்தான். கத்திக் கத்திக் குரலே போய்விட்டிருந்தது அவனுக்கு.

“கேட்டுட்டேன். சொல்லு, என்ன எழுதட்டும்?”

“குதிச்சிட்டிருந்தாளாம்னு சொல்லு” என்றாள் உனாய்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அண்ணன் இடத்துல நின்னு அவளும் குதிச்சாளாம்னு எழுது.”