சரிபங்கு

என் வீட்டுக்காரர் தன் தம்பியின் கழுத்தைப் பிடித்து, கண்ணாடி வெட்டும் மேஜைமேல் அழுத்திக்கொண்டிருந்தார். பாதி வெட்டிய அலமாரிக் கண்ணாடி ஒன்று மேஜையில் கிடந்தது. கொழுந்தனின் கன்னத்துக்கு அடியில் அது நொறுங்கி, ரத்தம் மேஜை விரிப்பில் ஊறியது. நான் விலக்கிவிடப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தட்டும் என்றுதான் நின்றேன்.

"ஏன்டா போடல? வாயத் திறந்து சொல்லு. ஏன் அவனுக்கு ஊசி போடல?"

கழுத்து நெரிபட்டவன் எப்படி வாயைத் திறப்பான்? காலைத் தூக்கி உதைத்தான். சுவரில் சாய்த்து வைத்திருந்த நிலைக்கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. கடை முழுக்கச் சில்லு. எங்கள் தெருவில் சண்டை என்றால் கூட்டம் கூடும். அன்று சத்தத்தைக் கேட்டு, கடைக்குள் இருந்த வாடிக்கையாளரே வெளியே ஓடினார்.

மாடியில் கொழுந்தனின் மகன் காய்ச்சலில் கிடந்தான். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, அன்று காலை காதுக்குப் பின்னால் ஆரம்பித்த செந்தடிப்பு முகத்தில் இறங்கியிருந்தது. பார்த்ததுமே தட்டம்மை என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. அவனோடு ஒரே போர்வைக்குள் தூங்கி எழுந்தவள் என் மகள். அவளுக்கு அந்த நோய் ஒட்டினால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை.

என் மகளை எல்லோரும் பன்னு என்று கூப்பிடுவோம். மாத்திரையால் கன்னம் உப்பிப் போனதால் வந்த பேர். வைத்தது அவன்தான், கொழுந்தனின் மகன் வாலு. இரண்டும் அடுத்தடுத்த மாதத்தில் பிறந்தவை. ஒன்பதாம் மாதத்து அம்மை ஊசி காய்ச்சலால் இரண்டுக்குமே தள்ளிப் போயிருந்தது. வாலு ஓட ஆரம்பித்தபோது பன்னுவுக்கு நடக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் தேங்காய் அளவு வீங்கின. உடம்பில் இருக்கும் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் அவளுடைய மூட்டுகளையே அடிக்கிறது என்றார்கள். அதை அடக்கி வைக்கத்தான் மாத்திரை. அடக்கினால் மூட்டு பிழைக்கும். ஆனால் வெளியிலிருந்து கிருமி வந்தால் அடிக்க ஆளிருக்காது.

மாத்திரை ஆரம்பித்த அன்றைக்கே டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். "சில ஊசி உயிரோட இருக்கிற கிருமியை வலுக் குறைச்சு செய்யிறது. தட்டம்மை ஊசி அந்த வகை. இந்த மாத்திரை ஓடுற வரைக்கும் அது இவளுக்கு வேணாம். செத்த கிருமியில செய்யிற ஊசியெல்லாம் போடலாம், கட்டாயம் போடணும். முக்கியமா வீட்ல இருக்கிற மத்தவங்க அவங்கவங்க ஊசிய விடாம போட்டுக்கணும். அவங்களுக்கு வராம இருந்தாத்தான் இவளுக்கு வராது."

வீட்டுக்கு வந்ததும் இதைத் தம்பியிடம் சொல்லக் கடைக்குள் போனார் என் வீட்டுக்காரர். கண்ணாடிக் கடையில் ஒரு சட்டம் உண்டு. வெட்டுகிற வைரமுனை கண்ணாடிமேல் ஓடும்போது யாரும் பேசக் கூடாது. கை ஒரு நூல் விலகினாலும் கண்ணாடிப் பலகை முழுதும் பாழ். இவர் கையில் அளவுகோலை எடுத்துக்கொண்டே, "பன்னுவுக்கு அந்த அம்மை ஊசி ஆகாதாம்டா, ஆபத்தாம்" என்றார். தம்பி வைரமுனையைக் கண்ணாடியில் வைத்தான். இவர் வாயை மூடிக்கொண்டார். வெட்டி முடித்ததும் அடுத்த பலகை, அதற்கடுத்தது. மீதிப் பேச்சு அவர் வாய்க்குள்ளேயே தங்கிப் போனது. நான் இவர் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இவரோ சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டார்.

கொழுந்தன் கேட்டது பாதி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவன் ஒரு முடிவு எடுத்தான், பாவி. எங்கள் வீட்டில் எல்லாமே சரிபங்கு. அண்ணனும் தம்பியும் அப்படியே வளர்ந்தவர்கள். ஒருவருக்குச் சட்டை இல்லையென்றால் மற்றவரும் பழையதையே போடுவார். பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தார்கள். பன்னுவுக்கு உப்பு குறைத்தபோது வாலுவும் உப்பில்லாமல் தின்றான். பன்னு ஓட முடியாது என்பதால் வாலுவுக்குச் சைக்கிள் இல்லை. அண்ணன் மகளுக்கு இல்லாத ஊசி என் மகனுக்கும் வேண்டாம் என்று, ஐஸ் பெட்டியோடு வந்த நர்ஸை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறான். நான் வேலைக்குப் போயிருந்த பகலில்.

அதைத்தான் அன்று, டாக்டரம்மா மாடியிலிருந்து இறங்கிப் போன கையோடு, மார்தட்டாத குறையாகச் சொன்னான். "உன் பொண்ணுக்குப் போடாதத நான் எப்படிண்ணே என் பையனுக்குப் போடுவேன்?" அவ்வளவுதான், இவர் பாய்ந்தார்.

நான் ஓரகத்தியைத் தேடி மாடிப்படி ஏறினேன். அவளுக்காவது தெரிந்திருக்கும், பெற்றவள்தானே. தலைமுடியைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் என்ற வெறியில் போனேன். அவள் பாதிப் படியில் எதிரே வந்தாள். கையில் கண்ணாடி போடாத மரச்சட்டம்.

"வழிய விடுங்கக்கா. அன்னைக்கே சொன்னேன் அந்தாளுகிட்ட, பிள்ளைக்குப் போட்ருவோம்னு. எங்க குடும்பத்தப் பத்தி உனக்கென்ன தெரியும்னு வாய அடைச்சாரு."

நேராகக் கடைக்குள் போய், மேஜையில் அழுந்திக் கிடந்த புருஷனின் முதுகில் சட்டத்தை இறக்கினாள். மரம் இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டாலும் அடித்தாள். என் வீட்டுக்காரரே பதறிப் போய்க் கழுத்தை விட்டுவிட்டார்.

கொழுந்தன் நிமிர்ந்தான். கன்னத்தில் சில்லு குத்தி நின்றது. "நீதானண்ணே சொன்ன, ஆபத்துன்னு. நீ வேற என்ன சொன்ன? யோசிச்சுப் பாரு. வேற என்ன சொன்ன?"

இவர் யோசித்தார். நினைவுக்கு வந்ததை அவர் முகத்திலேயே பார்த்தேன். கையில் ரத்தத்தோடு நின்றவர், சுவரில் மிச்சமிருந்த ஒரே கண்ணாடியைத் தன் நெற்றியாலேயே முட்டி உடைத்தார்.

அப்போதுதான் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. "பொண்ண உடனே கூட்டிட்டு வாங்க. நோய் வெளிய வர்றதுக்கு முன்னாடி கிருமிய அடிக்கிற மருந்து இருக்கு, ஊசி மாதிரி இல்ல, ரெடிமேடா மத்தவங்க ரத்தத்துல இருந்து எடுத்த எதிர்ப்பு. நரம்புல ஏத்தணும். தள்ளிப்போட்டா பிரயோஜனம் இல்ல." நான் பன்னுவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னால் அண்ணனும் தம்பியும் ரத்தம் சொட்டச் சொட்ட ஓடி வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி அவர்களைத்தான் முதலில் உள்ளே தள்ளப் பார்த்தான்.

எல்லாம் தயாராக இருந்தது. பன்னுதான் கையை நீட்டவில்லை.

"வாலுவுக்கு?"

"அவனுக்கு இது தேவையில்லடா கண்ணு. அவனுக்கு ஏற்கெனவே வந்துருச்சு."

"அவனுக்கு இல்லன்னா எனக்கும் வேணாம்."

கெஞ்சினேன், மிரட்டினேன். நர்ஸ் கையைத் தொட்டதும் பன்னு அந்த நர்ஸின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். ஊசித் தட்டு பறந்தது. மூட்டுவலியில் படியேற அழுகிற பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. தலையால் என் மூக்கில் முட்டினாள். எனக்கும் ரத்தம் வந்தது. அவளுடைய அப்பா தோளைப் பிடித்தார், நான் இடுப்பில் ஏறி உட்கார்ந்தேன். காலைப் பிடிக்க ஆள் இல்லை. கன்னத்தில் பஞ்சு வைத்து ஒட்டியபடி கதவோரம் நின்ற கொழுந்தன் வந்தான். வீங்கிய அந்த இரண்டு முழங்காலையும் கட்டிலோடு சேர்த்து அமுக்கினான்.

அவள் போட்ட அலறல் மூட்டிலிருந்து வந்தது. பிறகு திமிறுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"சித்தப்பா, சரிபங்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவன் பிடியை விடவில்லை. மருந்து இறங்க ஆரம்பித்தது.

என் மகள் பிழைத்தாள். இரண்டு நாள் லேசான காய்ச்சல், அதோடு சரி. வாலுவுக்குத் தடிப்பு இறங்கிய பிறகு நெஞ்சில் சளி கட்டியது. அதிலிருந்து எழுந்ததும் காதில் சீழ் வைத்தது. சீழ் ஆறியது. வலது காது கேட்காமல் போனது. அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஓரகத்தி அதற்குப் பிறகு புருஷனை அடிக்கவில்லை. அவனோடு பேசவும் இல்லை.

பன்னு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாலுவின் வலது பக்கம் போய் நின்று மெதுவாகப் பேசிப் பார்ப்பாள். பிறகு இடது பக்கம் வந்து பேசுவாள்.

ஒரு நாள் மதியம் கடையில் அண்ணனும் தம்பியும் புதுப் பலகை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனின் கையில் வைரமுனை. நான் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றேன். சட்டப்படி யாரும் பேசவில்லை. அந்த அமைதியில், மேஜைக்கு அடியிலிருந்து சின்னதாக ஒரு முனகல் கேட்டது.

கொழுந்தன்தான் முதலில் குனிந்தான். பன்னு அடியில் உட்கார்ந்திருந்தாள். மரச்சட்டத்துக்குத் துளை போடுகிற குத்தூசியை வலது காதுக்குள் விட்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு கோடு ரத்தம் இறங்கியது.

வைரமுனையோடு கையை இழுத்தான். புதுப் பலகை குறுக்கே கீறிப் பிளந்தது. அவளை வெளியே இழுத்து, குத்தூசியைப் பிடுங்கி எறிந்து, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். பிறந்ததிலிருந்து அவள்மேல் அவன் கை பட்டதில்லை. அவள் சுருண்டு விழுந்தாள். என் வீட்டுக்காரர் தம்பியை அடிக்கக் கை ஓங்கியவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டார்.

நான் அவளை வாரி எடுத்துக் காதைத் துணியால் பொத்தினேன். துணி பொத்திய அந்தக் காதில் கேட்கிறதா என்று பார்க்க அவள் பேரைச் சொன்னேன். திரும்பினாள். முனை காதின் ஓரத்தைத்தான் கிழித்திருந்தது.

கொழுந்தன் சில்லுகளுக்கு நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்தான். அவளுடைய வலது காதருகே வாயை வைத்து, விக்கி விக்கிச் சொன்னான்.

"இனிமே பங்கு இல்லடா. உனக்கு இருக்கிறது உனக்கு. கேக்குதா?"

"கேக்குது" என்றாள் பன்னு. "அவனுக்கும் சொல்லுங்க. இந்தப் பக்கமா நின்னு சொல்லாதீங்க."